பெயர் இல்லாத பாட்டில்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டுப் பொருள்களையும் குடும்பத்தினரின் உடல்நலத்தையும் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எவ்வளவு நேரம் உறங்க வேண்டும், எந்தப் பாத்திரத்தில் சமைக்கலாம், பல் துலக்கும் பிரஷ்ஷை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பன பற்றியெல்லாம் பயனுள்ள செய்திகள் வருகின்றன. மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் 28 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, அந்தக் குறிப்புகளில் இதுவரை கண்ணில் படாத ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்ற உறுத்தல் நெடுநாளாக இருக்கிறது. கடையிலிருந்து வந்த பாட்டிலில் இருந்து வேறொரு பாட்டிலுக்கு மாற்றப்பட்டு, அந்த மாற்றத்தில் தன் பெயரை இழந்துவிட்டு, குளியலறை மூலையிலோ பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழேயோ நின்றுகொண்டிருக்கும் திரவத்தைத்தான் சொல்கிறேன். பிளீச், ஆசிட், டர்பன்டைன், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, மிச்சமான இருமல் மருந்து என அது எதுவாகவும் இருக்கலாம். வைத்தவருக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அது வெறும் பாட்டில்.

என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. சன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிப்பதற்காக வாங்கிய டர்பன்டைனில் பாதி மிஞ்சிவிட்டது. அந்தத் தகர டப்பாவின் மூடி நசுங்கிப்போய்ச் சரியாகப் பொருந்தாததால், சிந்திவிடக் கூடாதே என்று நான்தான் அதைக் காலியான தண்ணீர் பாட்டில் ஒன்றில் ஊற்றி, துணி துவைக்கும் இடத்தில் ஓரமாக வைத்தேன். டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன். நான்கு நாள்கள் கழித்து, நான் பணிக்குச் சென்றிருந்த பகல் வேளையில், மகள் அந்தப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டாள். இருமிக்கொண்டே ஓடி வந்த குழந்தையைப் பார்த்துப் பதறிய என் மாமியார், தண்ணீரில் உப்பைக் கரைத்துப் புகட்டி, தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார். அவர் கற்றிருந்த முதலுதவி அதுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, குழந்தை என்ன குடித்தது என்பதுதான். மாமியாரால் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டிலில் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது என்று மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது. நான் வேலை செய்த இடத்துக்குத் தகவல் வந்து, நான் பேசி, அது டர்பன்டைன் என்று அவர்களுக்குத் தெரிவதற்குள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாலையில் மகளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இரண்டு நுரையீரல்களிலும் அழற்சி. ஒன்பது நாள்கள் மருத்துவமனையில் இருந்து, பிழைத்து வீடு திரும்பினாள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள் என்ற வரி அந்தத் தகர டப்பாவின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அந்த வரியை நானே என் கையால் குப்பையில் போட்டிருந்தேன்.

பிறர் வீட்டுக் குழந்தைகள் அதே நிலையில் எங்கள் பிரிவுக்கு வந்தபோதெல்லாம் பெற்றோரிடம் நான் விளக்கியதையே இங்கும் விளக்குகிறேன். டர்பன்டைன், மண்ணெண்ணெய், பெயின்ட் தின்னர் போன்றவை தண்ணீரைப் போல எளிதாக ஓடுபவை. பரப்பில் மிக வேகமாகப் படர்பவை. இவை வயிற்றில் செய்யும் தீங்கைவிட நுரையீரலில் செய்யும் தீங்குதான் பெரிது. விழுங்கும்போது புரையேறி ஓரிரு சொட்டு மூச்சுக்குழாயில் நுழைந்தாலே போதும், அது மெல்லிய படலமாகப் பரவி, நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் வழவழப்பான பூச்சைக் கெடுத்துவிடும். வயிற்றுக்குள் போன திரவத்தை வாந்தியாக வெளியே கொண்டுவரும்போது, அது மூச்சுக்குழாயின் வாசலை இரண்டாவது முறையாகக் கடக்கிறது. முதல் முறை தப்பித்த நுரையீரல் இரண்டாவது முறையும் தப்பிக்கும் என்று சொல்ல முடியாது. உப்புக் கரைசலோ தனிக் கேடு. சிறு குழந்தையின் உடலில் அளவுக்கு மீறி உப்பு சேர்ந்தால் மூளை பாதிக்கப்பட்டு வலிப்பு வரக்கூடும். எனவே இத்தகைய எதையாவது குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்கச் செய்யாமல், நனைந்த உடையைக் கழற்றித் தோலைக் கழுவிவிட்டு, குடித்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு.

இவ்வளவு நெடியடிக்கும் பொருளைக் குழந்தை எப்படிக் குடிக்கும் என்று பலர் என்னிடம் வியப்போடு கேட்டிருக்கிறார்கள். ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தை உலகத்தை வாயால்தான் அறிந்துகொள்கிறது. அதற்குப் பாட்டிலின் உருவம்தான் தெரியும், உள்ளே இருப்பதன் குணம் தெரியாது. தண்ணீர் பாட்டில் என்றால் குடிப்பதற்கு உரியது என்பதை நாம்தான் அதற்குப் பழக்கியிருக்கிறோம். முகம் சுளித்துத் துப்புவதற்குள் ஒரு வாய் உள்ளே போயிருக்கும். பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். பார்வை மங்கிய முதியவர் இரவில் விளக்கைப் போடாமல் எழுந்து, கைக்கு எட்டிய பாட்டிலைத் தண்ணீர் என்று நம்பி வாயில் வைப்பதற்கு நொடிப்பொழுது போதும்.

குடிப்பதால் மட்டும் கேடு வருவதில்லை. பெயர் இல்லாத இரண்டு திரவங்கள் ஒன்றோடொன்று கலந்தாலும் கேடுதான். துணிக்கும் தரைக்கும் பயன்படுத்தும் பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிவறைக் கறையைப் போக்கும் ஆசிட்டுகளில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். இவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரின்போது, 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் படைவீரர்கள்மீது ஏவப்பட்ட அதே வாயு. சில கண்ணாடித் துடைப்பான் திரவங்களில் உள்ள அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோரமைன் என்னும் வேறு நச்சு வாயு உண்டாகும். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால் தரையை ஒட்டித் தேங்கும். சன்னலை மூடிக்கொண்டு, குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்குக்கு நேராக அது நிற்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டையும் வேண்டுமென்றே கலப்பவர் அநேகமாக யாரும் இல்லை. அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த ஒரு பாட்டிலையும் கால்வாசி இருந்த இன்னொரு பாட்டிலையும், இடத்தை அடைக்கிறதே என்று ஒன்றாக ஊற்றிவைக்கும் சிக்கன புத்தியே இதற்குக் காரணமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் நன்றாகக் கறை போகட்டும் என்று ஒன்றின்மேல் ஒன்றை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கலந்து கண் எரிந்து, தொண்டை அடைத்து, இருமல் வந்தால், கலவையைக் கழுவி ஊற்றிவிட்டுப் போகலாம் என்று அங்கே நிற்கவே கூடாது. உடனே வெளியேறித் திறந்த வெளிக்குச் சென்றுவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் மூச்சுத் திணறல் குறையாதவர்களும் மருத்துவரிடம் செல்வதில் தாமதம் காட்டலாகாது.

பிளீச்சைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. ஒளியும் வெப்பமும் பட்டால் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். உற்பத்தியாளர்கள் அதை ஒளி புகாத பாட்டிலில் அடைத்து விற்பது அழகுக்காக அன்று. கண்ணாடி போன்ற தெளிந்த பாட்டிலுக்கு மாற்றிச் சன்னல் ஓரத்தில் வைத்தால், சில வாரங்களில் நாம் கிருமிநாசினி என்று நம்பித் தெளிப்பது ஏறக்குறைய உப்புத் தண்ணீராக மாறியிருக்கும். கொரோனா தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில், தரை, மேசை போன்ற பரப்புகளைத் துடைப்பதற்கு 0.1 விழுக்காடு கரைசலை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 5 விழுக்காடு பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் அந்த அளவு கிடைக்கும். அந்தக் கரைசலை அன்றன்று தயாரித்து அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். அந்த நாள்களில் வீடுகளில் நிரப்பி வைக்கப்பட்ட தெளிப்பான் பாட்டில்கள் எத்தனையோ இன்றும் அலமாரிகளில் நிற்கின்றன; அவற்றில் இருப்பது என்ன, எத்தனை பங்கு, எந்தத் தேதியில் கலந்தது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்கும் மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் பல சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. அமிலத்தைப் போல அதுவும் சுடும். ஆனால் இன்னும் ஆழமாக இறங்கும். திசுவைக் கரைத்து வழவழப்பாக்கிக்கொண்டே உள்ளே செல்லும் அது உணவுக்குழாயைச் சுட்டுவிட்டால், ஆறிய தழும்பு நாளடைவில் சுருங்கி, குழந்தையால் எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலை ஏற்படும். எங்கள் பிரிவில் அப்படி ஒரு சிறுவன், உணவுக்குழாயை விரிவுபடுத்தும் சிகிச்சைக்காக மாதந்தோறும் வந்துகொண்டிருந்தான். ஊசி போடுவதற்கு முன்பே தன் கையை நீட்டிவிடும் அளவுக்கு அவனுக்கு மருத்துவமனை பழகிப்போயிருந்தது. அவன் குடித்ததும் வேறொரு பாட்டிலில் ஊற்றி வைத்திருந்ததுதான்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இத்தகைய குழந்தைகள் ஏராளமாக வந்ததைக் கண்ட தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன், காஸ்டிக் பொருள்களின் பொதிகளில் நச்சு என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். குழந்தைகள் விழுங்கிய பொருள்களைக் குழாய் வழியே வெளியே எடுக்கும் கருவிகளை உருவாக்கியதில் உலகப் புகழ் பெற்றவர் அவர். என்றாலும், வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிப்பதோடு தம் கடமை முடிந்ததாக அவர் கருதவில்லை. அவரது முயற்சியின் பயனாக 1927இல் அந்நாட்டில் காஸ்டிக் நச்சுச் சட்டம் இயற்றப்பட்டு, லேபிளில் எச்சரிக்கை கட்டாயமாயிற்று. ஒரு லேபிளுக்காக ஒரு மருத்துவர் அத்தனை ஆண்டுகள் அலைந்திருக்கிறார் என்பதைப் படித்தபோது, டப்பாவைக் குப்பையில் போட்ட என் கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மருந்துகளுக்கு வருகிறேன். இங்கே பெயர் தொலைவது பாட்டில் மாறுவதால் மட்டும் அன்று. அட்டையில் இருந்து கத்தரித்த மாத்திரைத் துண்டில் பெயர் பாதியும் காலாவதித் தேதி முழுவதும் போய்விடுகிறது. ஒரு வாரத்துக்கு உரிய மாத்திரைகளைச் சிறு பெட்டியில் பிரித்து வைத்துக்கொள்வது முதியவர்களுக்கு மிகவும் பயன்படும் ஏற்பாடுதான். ஆயினும், பிரித்த பிறகு அசல் அட்டையை எறிந்துவிட்டால், பேரக்குழந்தை அந்தப் பெட்டியைத் திறந்து இரண்டு மாத்திரைகளை விழுங்கும்போது அவை என்ன மாத்திரைகள் என்று சொல்ல யாரும் இல்லாமல் போகிறது. சர்க்கரை நோய்க்குத் தரும் கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகளில் ஒன்றோ இரண்டோ போதும், சிறு குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிட; அதுவும் பல மணி நேரம் கழித்து இறங்கக்கூடும். பளபளப்பான வண்ணப் பூச்சோடு வரும் இரும்புச்சத்து மாத்திரைகள் மிட்டாயைப் போலவே தோன்றும். அளவு மீறினால் குழந்தையின் வயிற்றையும் கல்லீரலையும் தாக்கும். மிட்டாய் என்று பொய் சொல்லிக் குழந்தைக்கு மாத்திரை கொடுக்கும் பழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே பெற்றோர் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காய்ச்சல் மருந்தில் ஏற்படும் குழப்பத்தை நான் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன். பாரசிட்டமால் சிரப்பாகவும் வருகிறது, சொட்டு மருந்தாகவும் வருகிறது. 5 மில்லி லிட்டரில் 120 மில்லி கிராம் உள்ள சிரப்பும், ஒரே ஒரு மில்லி லிட்டரில் 100 மில்லி கிராம் உள்ள சொட்டு மருந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வழக்கமாக ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லி கிராம் என்று மருத்துவர் கணக்கிடுகிறார். அப்படியானால் 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 வரை. சிரப் என்று எண்ணிச் சொட்டு மருந்தை 5 மில்லி லிட்டர் ஊற்றினால் 500 மில்லி கிராம் உள்ளே போய்விடும். அதையே ஒரு நாளில் நான்கு வேளை, இரண்டு மூன்று நாள்கள் கொடுத்தால் கல்லீரல் என்ன ஆகும்? லேபிள் கிழிந்துபோன பாட்டிலில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கலாம், ஒரே மணத்தில் இருக்கலாம்.

அளவு என்று பேச்சு வந்துவிட்டதால் கரண்டியைப் பற்றியும் ஒரு சொல். மருந்தோடு வரும் அளவு மூடி தொலைந்துவிட்டால் சமையலறையில் இருந்து தேக்கரண்டியை எடுத்துக்கொள்கிறோம். கிரேக்க ஆய்வாளர்கள் 25 வீடுகளில் இருந்த 71 தேக்கரண்டிகளை அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறியது 2.5 மில்லி லிட்டரும் மிகப் பெரியது 7.3 மில்லி லிட்டரும் கொண்டன. ஒரே பெயர், ஆனால் ஒன்று மற்றொன்றைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே ஒவ்வொரு மருந்துக்கும் அதனதன் மூடி அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சைத்தான் பயன்படுத்த வேண்டும். தூளில் தண்ணீர் சேர்த்துக் கலக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகள் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் பயனற்றுப்போகும். திறந்த கண் சொட்டு மருந்துக்குப் பொதுவாக நான்கு வாரங்கள். இவற்றில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவைக்க அரை நிமிடம் ஆகும்.

உள்ளங்கையால் அழுத்தியபடி திருப்பினால் மட்டுமே திறக்கும் மூடியைப் பலர் பார்த்திருப்பார்கள். கனடாவின் வின்ட்சர் நகரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆன்ரி புரோவின் முயற்சியில் 1967இல் அது பயனுக்கு வந்தது. இரவு நேரங்களில் மருந்தை விழுங்கிய குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்துச் சலித்துப்போன ஒருவரின் கவலையில் பிறந்த மூடி அது. அதனால் குழந்தைகளின் உயிர்கள் காக்கப்பட்டிருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த மூடி குழந்தையைத் தாமதப்படுத்துமே தவிர, தடுத்துவிடாது. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அத்தகைய மூடிகளுக்கு நடத்தப்படும் சோதனையில், எப்படித் திறப்பது என்று செய்து காட்டிய பிறகும் நூறு குழந்தைகளில் எண்பது பேரால் பத்து நிமிடங்களுக்குள் திறக்க முடியாவிட்டால் மூடி தேறிவிடும். மற்ற இருபது குழந்தைகள்? மூட்டுவலியால் திறக்க முடியவில்லை என்று மருந்தை எளிய மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிட்டாலோ, அந்தப் பத்து நிமிடமும் இல்லை.

பாட்டிலில் வராத இரண்டு பொருள்களையும் இங்கே சேர்த்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். ஏனெனில் அவையும் என்னவென்று அறியப்படாமலேயே வீட்டில் கிடப்பவை. ஒன்று, துணிகளுக்கு இடையே போடும் பாச்சை உருண்டை. அதில் நாப்தலின் இருந்தால், ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வரும். விழுங்கினால்தான் என்றில்லை, உருண்டையோடு மாதக்கணக்கில் மடித்து வைத்திருந்த துணியைத் துவைக்காமல், வெயிலில் உலர்த்தாமல் பச்சிளம் குழந்தைக்குச் சுற்றினாலே அந்த ஆவி உடலில் சேரும். அந்த நொதிக் குறை உள்ளது என்பது பல குடும்பங்களுக்குக் குழந்தை வெளிறிப்போன பிறகே தெரியவருகிறது.

மற்றொன்று, பொம்மைகளிலும் ரிமோட்டுகளிலும் உள்ள பொத்தான் பேட்டரி. ஒரு ரூபாய் நாணயம் போலத் தட்டையான 20 மில்லி மீட்டர் லித்தியம் பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், சுற்றியுள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடி, அந்த இடத்திலேயே காஸ்டிக் சோடாவைப் போன்ற காரம் உற்பத்தியாகத் தொடங்கும்; இரண்டே மணி நேரத்தில் திசு வெந்துபோகும். பேட்டரி தீர்ந்துபோனது, பொம்மையே ஓடவில்லை என்ற ஆறுதலுக்கு இடமில்லை; தீர்ந்த பேட்டரியிலும் அதற்குப் போதிய மின்சாரம் எஞ்சியிருக்கும். அதன் முதுகில் சி.ஆர். 2032 என்று பொடியாக எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் 20 மில்லி மீட்டர் விட்டம். அடுத்த இரண்டு இலக்கங்கள் 3.2 மில்லி மீட்டர் தடிமன். அதே வகைப் பேட்டரியின் அட்டையை மருத்துவரிடம் காட்டினால், எவ்வளவு பெரியது, எங்கே சிக்கியிருக்கும் என்று அவர் கணிப்பதற்கு அந்த நான்கு இலக்கங்கள் உதவும். பெயர் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

வீட்டில் செய்ய வேண்டியதைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கடையிலிருந்து எதில் வந்ததோ அதிலேயே அது தீரும்வரை இருக்கட்டும். மூடி உடைந்துவிட்டால் மிச்சத்தைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவதே மேல். வேறு வழியே இல்லாமல் மாற்ற நேர்ந்தால், குடிக்கவும் உண்ணவும் பயன்படும் எந்தக் கலத்திலும் அதை ஊற்றாமல், அழியாத மையால் பெயரையும் தேதியையும் எழுதி, அசல் லேபிளையும் கத்தரித்து அதன்மேல் ஒட்டிவிட வேண்டும். பூச்சிமருந்து இருந்த பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. துளையிட்டுத்தான் எறிய வேண்டும். பூட்டக்கூடிய உயரமான அலமாரி ஒன்றை இதற்கென ஒதுக்கி, தொட்டிக்குக் கீழே உள்ள இடத்தைக் காலியாக விட்டுவிடுவது நல்லது. கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடங்களுக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதையும், தங்கள் பகுதிக்கு உரிய நச்சுத் தகவல் மையத்தின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் அந்தத் தாளை ஒருமுறை படித்துக் காட்டுவது, ஒட்டுவதைவிட முக்கியம். என் மாமியாருக்கு யாரும் எதையும் படித்துக் காட்டியிருக்கவில்லை.

முழுப் பழியும் வீட்டில் இருப்பவர்மேல் விழுவது நியாயமாகாது. எச்சரிக்கை வரிகள் லேபிளில் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், பாட்டிலின் பின்புறத்தில், வாங்குபவர் வீட்டில் பேசாத மொழியில் இருக்கின்றன. தரை துடைக்கும் திரவத்தின் பாட்டிலில் பழத்தின் படத்தை அச்சிடுகிறார்கள். எழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தை அந்தப் படத்தைத்தான் படிக்கிறது. பானம் விற்கும் பாட்டிலின் வடிவத்திலேயே கழுவும் திரவத்தையும் அடைத்து விற்பது எந்தக் காரணம் கொண்டும் ஏற்கத்தக்கதன்று. டெனடோனியம் என்ற மிகக் கசப்பான பொருள் 1958 முதல் அறியப்பட்டிருக்கிறது. மிகச் சிறிதளவு சேர்த்தாலே வாயில் வைக்க முடியாதபடி கசக்கும். முதல் மிடற்றை அது தடுக்காது என்றாலும் இரண்டாவது மிடறைத் தடுக்கும் வாய்ப்புண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டிய உரிமை நமக்கு இருக்கிறது.

வேதிப்பொருள்களின் ஆபத்தை லேபிளில் காட்டுவதற்காக ஐக்கிய நாடுகள் அவை 2003இல் வெளியிட்ட உலகளாவிய ஒரே சீரான குறியீட்டு முறையில், சிவப்புச் சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒன்பது படங்கள் உள்ளன. சோதனைக் குழாயிலிருந்து சொட்டும் திரவம் கையையும் உலோகத்தையும் அரிப்பது போன்ற படம், அரித்துப் புண்ணாக்கும் பொருளைக் குறிக்கும். குறுக்கே எலும்புகளோடு கூடிய மண்டையோடு கொடிய நச்சு. சுடர், எளிதில் தீப்பற்றும் பொருள். மார்பில் வெடித்த நட்சத்திரம் போன்ற வடிவத்தோடு இருக்கும் மனித உருவம், உள்ளுறுப்புகளுக்கு நெடுங்காலக் கேடு செய்யும் பொருளையும், விழுங்கினால் நுரையீரலுக்குள் புகும் பொருளையும் குறிக்கும். டர்பன்டைன் டப்பாவில் இருக்க வேண்டிய படம் அது. என் தெருவில் பன்னிரண்டு வீடுகளில் இந்தப் படங்களைக் காட்டிக் கேட்டுப் பார்த்தேன். மண்டையோட்டையும் சுடரையும் எல்லாரும் அறிந்திருந்தார்கள். நட்சத்திரம் வெடித்த மனிதரை, படித்தவர்கள் உட்பட, ஒருவரும் அறிந்திருக்கவில்லை. ஒரு பெண்மணி அதை இதய நோய்க்கான மருந்து என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஒன்பது படங்களையும் அவற்றின் பொருளையும் எளிய தமிழில், கத்தரித்து எடுத்து அலமாரியில் ஒட்டிக்கொள்ளத்தக்க அளவில், தங்கள் நாளிதழின் ஒரு பக்கத்தில் வெளியிட வேண்டும். அதன் அடியில் நச்சுத் தகவல் மையத்தின் எண்ணும், மண்ணெண்ணெய், டர்பன்டைன், ஆசிட், பிளீச் எதைக் குடித்திருந்தாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்ற ஒற்றை வரியும் பெரிய எழுத்தில் இடம்பெற வேண்டும். அப்படி ஒரு பக்கம் வெளிவருமானால், ஓய்வு பெற்ற எங்கள் செவிலியர்கள் சிலர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, அந்தந்த வீட்டு அலமாரியைத் திறந்து வைத்தே விளக்கிச் சொல்ல ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்